ஒரு பக்கமாக இழுக்கும் வண்டி: டயரைக் கவனிப்போம்



ஒரு காலத்தில் தோட்டத்தில் வண்டி என்றால் தொரையின் ஜீப்பும் கொழுந்து லொறியும்தான். இப்போது லயத்து வாசலிலேயே வேனும் முச்சக்கர வண்டியும் நிற்கின்றன. பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும், பிரசவத்துக்குத் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும், கல்யாணத்துக்கும் இழவுக்கும் போவதும் அவற்றில்தான். ஓட்டுகிறவர்களும் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகளே. ஆகவே இதை டிரைவர் மட்டுமல்ல, வண்டியில் ஏறுகிற எல்லோரும் வாசிக்க வேண்டும்.

"வண்டி கொஞ்சம் இடது பக்கமா இழுக்குது, பரவாயில்ல, ஸ்டேரிங்க புடிச்சிக்கிட்டே போயிரலாம்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சமமான ரோட்டில் அது கைவலியோடு போய்விடலாம். நம் ரோடு அப்படியா? ஒரு பக்கம் மலையும் கானும், மறுபக்கம் பள்ளம். மழையிலும் பனிமூட்டத்திலும் ரம்பொடை வளைவுகளில் இறங்கும்போது, திடீரென்று பிரேக்கை மிதித்தால் அந்தக் "கொஞ்சம்" பெரிதாகிவிடும்.

ஏன் இழுக்கிறது?

முன்னால் உள்ள இரண்டு டயரும் ஒரே மாதிரி உருண்டால்தான் வண்டி நேராகப் போகும். ஒரு காலில் புதுச் செருப்பும் மறுகாலில் தேஞ்ச செருப்பும் போட்டு நடந்து பாருங்கள். உடம்பு ஒரு பக்கம் சாயும். வண்டியும் அப்படித்தான். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. காத்துக் குறைந்த டயர் நசுங்கி உருள்வதால் வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். ஒன்று ரேடியல், மற்றது பழைய நைலோன் வகை என்றால் இரண்டும் ரோட்டைப் பிடிக்கும் விதமே வேறு. சில வேளை பார்வைக்கு நல்ல டயர்கூட உள்ளே பட்டை கோணலாக இருப்பதால் புனல் போல ஒரு பக்கமாக உருளும்.

ஆனால் எல்லா இழுவைக்கும் டயரே காரணம் என்று நினைத்துக் காசைக் கொட்டவும் கூடாது. முதலில் சோதித்துப் பாருங்கள்.

கடைக்குப் போகுமுன் ஐந்து சோதனைகள்

1. காத்து: காலையில் வண்டியை ஓட்டுமுன், டயர் சூடாகாதபோது அளக்க வேண்டும். எவ்வளவு காத்து வேண்டும் என்பது பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும். ஒரு முன் டயரில் 35, மற்றதில் 25 என்று இருந்தால் இழுவைக்கு அதுவே போதும். இந்தச் சோதனையோடு பலரின் பிரச்சினை தீர்ந்துவிடும்.

2. ரோட்டின் சரிவு: மழைத் தண்ணீர் கானுக்கு ஓட ரோட்டின் ஓரம் சரிவாகத்தான் போடப்படுகிறது. நாம் இடது பக்கமாகப் போவதால் வண்டி லேசாக இடப்பக்கம் சாய்வது இயல்பு. வாகனம் வராத சமமான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

3. தேய்மானம்: டயரின் காடிகளுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காத்து அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காத்துக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் எலைன்மென்ட் பிழை. பக்கத்தில் வெடிப்போ வீக்கமோ இருந்தால் அந்த டயரை ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

4. இடம் மாற்றுதல்: இரண்டு முன் டயர்களையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுவை மறுபக்கம் திரும்பினால் குற்றம் டயரில். அதே பக்கம் இழுத்தால் எலைன்மென்ட் அல்லது பிரேக்கைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் இப்படி மாற்ற வேண்டாம். ஜெக் அடிப்பது சமதரையில், மற்ற வீல்களுக்குக் கல் வைத்த பிறகே.

5. பிரேக்: பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் அது பெரும்பாலும் பிரேக்கின் கோளாறு. ஓடி நின்றபின் ஒரு வீலில் மட்டும் அதிகச் சூடு அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. உடனே கராஜுக்குக் கொண்டு போங்கள். சூட்டைக் கிட்டே நின்று உணருங்கள், தொட வேண்டாம்.

முச்சக்கர வண்டிக்கு முன்னால் ஒரே வீல். அதில் பின் டயர் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டயர் மாற்றும்போது

இங்கேதான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். "ஒண்ணுதானே தேஞ்சிருக்கு, ஒண்ண மட்டும் வாங்குவோம்" என்கிறார்கள். புது டயரும் தேய்ந்த டயரும் ஒரே சோடியாக ஓடினால் இழுவை தொடரும், புதியதும் சீக்கிரம் கெடலாம். பின் வீல்களில் அப்படிப் போட்டால் நடுவில் உள்ள டிபரன்சலுக்கும் ஓய்வில்லாத வேலை. மிச்சம் பிடித்த காசு கராஜுக்குப் போகும்.

ஆகவே டயரைச் சோடியாகவே மாற்றுங்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே கம்பனியாக இருக்கட்டும். டயரில் எழுதியிருக்கும் அளவும் சுமை எண்ணும் வண்டிக்குரியதா என்று பாருங்கள். ஆளேற்றும் வேனுக்குக் கார் டயர் சரிவராது.

இரண்டு மட்டும் வாங்க முடிந்தால் புதிய சோடியைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல சோடியை முன்னால் கொண்டு வருவதே பாதுகாப்பு. ஈரத்தில் முன் வீல் வழுக்கினால் டிரைவர் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் வீல் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். ஆனால் முன்னால் போடும் சோடியும் ஒத்ததாக, காடி உள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கையும் மாற்ற வேண்டியதுதான்.

பாவித்த டயர் வாங்குகிறவர்கள் வயதைப் பாருங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் அதைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. காடி ஆழமாக இருந்தாலும் பழைய இறப்பர் இறுகி, ஈர ரோட்டில் பிடிக்காது.

புது டயர் போட்டபின் எலைன்மென்ட் பாருங்கள். சுமார் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். கழற்றிய டயரைக் கூரைத் தகரத்தின் மேல் பாரமாகப் போடுகிறவர்கள் அதில் துளை போடுங்கள். தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

எல்லோருடைய பொறுப்பு

வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பாஸானது டயருக்குச் சான்று அல்ல. அது புகையைத்தான் அளக்கிறது. டயரை நாம்தான் பார்க்க வேண்டும்.

வேன் ஓட்டும் தம்பிமாரே, லீசிங் காசு கட்டுவதே கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் டயர் தேய்வது திடீரென்று வருகிற செலவல்ல. மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்குங்கள், அல்லது வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து டயருக்கென்றே ஒரு சீட்டுப் பிடியுங்கள்.

பெற்றோரே, வேன் காசைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும்போது, அந்தக் காசில் டயரும் அடங்கியிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். பிள்ளையை ஏற்றுமுன் குனிந்து இரண்டு முன் டயரையும் ஒரு தரம் பாருங்கள். "தம்பி, இது ரெண்டும் ஒரே மாதிரி இல்லையே?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது அவரைக் குறை சொல்வதாகாது. அந்த வண்டியில் அவருடைய உயிரும்தான் இருக்கிறது.