தங்கவயலுக்கு ஒரு கோண எழுத்து

2018 டிசம்பரில் வெளியான ‘கே.ஜி.எஃப்’ படத்தின் தலைப்பு, நாயகன் யஷ்ஷின் தாடிக்கு நிகராகப் பரவியது. மூன்றே ஆங்கில எழுத்துகள். தடித்த உடல், சீவிவிட்ட மூலைகள், எந்திரச் சாயல். அவை குறிக்கும் கோலார் தங்கவயல் என்ற ஊரை அறியாத லட்சக்கணக்கானோர் அந்த எழுத்துகளைப் பார்த்ததும் அடையாளம் சொன்னார்கள்.

அந்தக் கோண வடிவம் ஊருக்குப் பொருந்தவே செய்கிறது. 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியில் இறங்கியது. 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. சுரங்க வாய்களின் மேல் குறுக்குச் சட்டங்களோடு எழுந்த இரும்புக் கோபுரங்களில் வளைவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படப்பிடிப்பின் ஒரு பகுதியே அங்கே சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில்தான் நடந்தது.

ஆனால், படத்தில் வரும் நராச்சி சுரங்கம் கற்பனை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்படும்வரை நிஜத்தில் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அவர்களிலும் பெரும்பகுதி தலித் மக்கள். அவர்கள் படித்ததும் எழுதியதும் தமிழ். அந்த ஊரின் கனத்தைத் தாங்கும் கோண எழுத்து தமிழிலும் வேண்டும் என்பது என் ஆசை.

வேலை லேசானதல்ல. ஆங்கிலத்தில் கே, எஃப் இரண்டும் பிறவியிலேயே நேர்கோடுகள்; ஜி ஒன்றை மட்டும் மடக்கினால் போதும். அதையே தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘கே’யின் கொம்பு சுழிகிறது, ‘ஜி’ சுருள்கிறது, ஆய்தத்தில் மூன்று வட்டங்கள். ஓலை கிழியாமலிருக்கவே நம் எழுத்து வளைந்தது என்பார்கள். கல்லில் அந்தக் கட்டாயம் கிடையாது. மாங்குளத்திலும் ஜம்பையிலும் உள்ள தமிழ்-பிராமி கல்வெட்டுகளைப் பாருங்கள். பல எழுத்துகள் வெறும் கோடுகள். ‘க’ அங்கே ஒரு கூட்டல் குறி. ஜம்பைக் கல்வெட்டு சொல்லும் அதியமானின் தகடூர்தான், தங்கவயலுக்கு ஆட்கள் போன இன்றைய தருமபுரி. ஆகவே கோணம் நமக்கு அந்நியமல்ல. ட, ப இரண்டும் இன்றும் பெட்டிகளாகவே நிற்கின்றன.

சிக்கல் தருபவை ண, ன, ற போன்றவை. கோட்டைத் தடிப்பாக்கினால் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபட்டு, மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்று தெரியாமல் போகும். எழுத்தை அகலமாக்கி, சுழியைச் சதுரமாக்கி, உள்கோட்டை மட்டும் மெலிய விட்டால் தப்பிக்கலாம். எல்லா எழுத்தையும் ஒரே அகலப் பெட்டிக்குள் திணிப்பது கூடவே கூடாது. ‘ர’வும் ‘ண’வும் ஒரே இடத்தைக் கேட்பவை அல்ல. புள்ளி மட்டும் உருண்டையாகவே இருக்கட்டும். இரும்புச் சட்டங்களைப் பூட்டும் ரிவெட்டும் உருண்டைதானே.

வடிவமைப்பாளர் யாராவது முன்வந்தால், சோதிக்க ஊர்ப் பெயர்களே போதும். மாரிக்குப்பம் எளிது. சாம்பியன் ரீஃப்பில் ஆய்தம் வந்துவிடும். ஆண்டர்சன்பேட்டையில் ‘ண்’, ‘ன்’ இரண்டும் உண்டு. ஓடும் பேருந்திலிருந்து அந்தப் பெயர்ப் பலகைகளைத் தடுமாறாமல் படிக்க முடிந்தால் எழுத்து தேறிவிட்டது.