ஒற்றை மூட்டில் ஓயாத வீக்கமா? தைலத்தோடு நிறுத்தாதீர்கள்!

முழங்கால் வீங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால், எங்கள் கொடைக்கானல் மலையில் பதில் தயாராக இருக்கும். "வாயு", "சுளுக்கு", "குளிர் தாக்கியிருக்கும்." மருந்தும் தயார்தான்: யூகலிப்டஸ் தைலம்! பூண்டுக் காட்டில் குனிந்து களையெடுத்து, மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும் பெண்களுக்கு மூட்டு வலி புதிதா என்ன? பெரும்பாலும் தைலமும் ஓய்வுமே போதுமானதாக இருக்கும்.

ஆனால் எங்கோ ஒருவருக்கு, மூட்டின் உள்சவ்வில் வளரும் ஒரு கட்டி இந்த வீக்கத்துக்குக் காரணமாக இருக்கும். இது மிக அபூர்வம். புற்றுநோயும் அல்ல. ஆனால் வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் மூட்டையே அரித்துவிடும். இருபதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கே அதிகம் வருவதால், இளம் தாய்மார்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அது என்ன கட்டி?

நம் மூட்டுகளின் உட்புறத்தில் 'சினோவியம்' என்ற மெல்லிய சவ்வு இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு போன்ற வழவழப்பான நீரைச் சுரந்து, எலும்புகள் உராயாமல் காப்பது அதன் வேலை. தசைநார்களின் உறையிலும் இதே சவ்வு உண்டு. இந்தச் சவ்வு தடித்து, முடிச்சு முடிச்சாக வளர்வதுதான் இந்த நோய்.

1941-ல் நியூயார்க் டாக்டர்கள் ஜாஃபி, லிக்டென்ஸ்டைன், சுட்ரோ மூவரும் இதற்கு 'பிக்மென்டட் வில்லோநாடுலர் சினோவைட்டிஸ்' என்று பெயரிட்டார்கள். சுருக்கமாக பி.வி.என்.எஸ். இப்போது 'டெனோசினோவியல் ஜயன்ட் செல் ட்யூமர்' என்கிறார்கள். ரிப்போர்ட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் நோய் ஒன்றுதான். 'ட்யூமர்' என்ற வார்த்தையைப் பார்த்துப் பதற வேண்டாம். இது புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. தொற்றுநோயல்ல, பரம்பரையாக வருவதுமல்ல.

ஏன் வருகிறது? சவ்வில் உள்ள சில செல்களின் மரபணுவில் ஒரு மாற்றம் ஏற்பட்டு, அவை 'சி.எஸ்.எஃப்.1' என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. அந்தப் புரதம் உடம்பின் காவல் செல்களைக் கூட்டம் கூட்டமாக அங்கே இழுக்கிறது. ஒரே ஒருவர் பத்திரிகை வைத்து ஊரையே கல்யாண வீட்டுக்குக் கூட்டி வந்ததுபோல! கட்டியில் பெரும்பகுதி இப்படி வந்து சேர்ந்த கூட்டம்தான். 2006-ல் வெளிவந்த ஆராய்ச்சியில்தான் இது தெரிந்தது.

இரண்டு வகை

ஒன்று, ஓரிடத்தில் மட்டும் வளரும் முடிச்சு. கைவிரலில்தான் அதிகம். வலிக்காமல், கெட்டியாக, மெதுவாக வளரும். மோதிரம் நுழையவில்லையே என்றுதான் பலர் கவனிப்பார்கள். இன்னொன்று, மூட்டுச் சவ்வு முழுவதும் பரவுவது. இது பெரும்பாலும் முழங்காலில் வரும்; இடுப்பு, கணுக்கால் மூட்டிலும் வரலாம். பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு நாலைந்து பேருக்குத்தான் இப்படிப் பரவும் வகை வருகிறது. அபூர்வமாக இருப்பதாலேயே டாக்டர்களுக்கும் சட்டென்று இது நினைவுக்கு வருவதில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

என் ஓரகத்திக்கு முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள். 2019-ல் வலது முழங்கால் வீங்கியது. விழவில்லை, அடிபடவில்லை. பத்து நாளில் வற்றும். மறுமாதம் மறுபடி வரும். "மலையேறி இறங்குற காலு, வீங்கத்தான் செய்யும்" என்றார் அத்தை. சுளுக்கு எடுத்தாயிற்று, எண்ணெய்க் கட்டுப் போட்டாயிற்று.

"அக்கா, வலி அவ்வளவா இல்ல. காலுக்குள்ள கனமா ஏதோ இருக்கு. மடக்கினா நிமித்த முடியல" என்று என்னிடம் சொல்வாள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு டாக்டர் மூட்டு டி.பி. என்று சொல்லி மாத்திரை எழுதினார். நம் நாட்டில் ஒற்றை மூட்டு வீங்கினால் டி.பி.யைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் சதையை எடுத்துப் பரிசோதிக்காமலே ஆறு மாதம் மாத்திரை ஓடியது. அவள் உடம்புதான் இளைத்தது, வீக்கம் இளைக்கவில்லை.

2022-ல் மலையிறங்கி, வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு அழைத்துப் போனோம். அங்கே எலும்பு டாக்டர் ஊசி போட்டு நீரை எடுத்தார். கடுங்காப்பி நிறத்தில் வந்தது! கட்டியிலிருந்து அடிக்கடி ரத்தம் கசிவதால், அதிலுள்ள இரும்புச்சத்து தங்கி இந்தப் பழுப்பு நிறம் வருகிறதாம். அதே இரும்பினால்தான் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டி கறுப்பாகத் தெரிகிறது. ஸ்கேனும், சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் சேர்ந்துதான் நோயை உறுதி செய்தன.

சிகிச்சை என்ன?

முதல் வழி ஆபரேஷன். ஓரிட முடிச்சென்றால் அதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. பரவிய வகையில் சவ்வு முழுவதையும் எடுக்க வேண்டும். சிறு துளை வழியாகவோ திறந்தோ, சிலருக்கு இரண்டு முறையிலும் சேர்த்தோ செய்கிறார்கள். என் ஓரகத்திக்கு முழங்காலின் முன்பக்கமும் பின்பக்கமும் செய்தார்கள். பிறகு உடற்பயிற்சி மிக முக்கியம். இல்லாவிட்டால் மூட்டு விறைத்துவிடும். பரவிய வகை மறுபடி வளர்வது சகஜம். அவளுக்கும் ஒன்றரை வருஷத்தில் பின்பக்கம் சிறிதாகத் தலைகாட்டியது. இப்போது டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் பார்த்து வருகிறோம். வீட்டு வேலை, காட்டு வேலை எல்லாம் செய்கிறாள். மிகவும் தாமதமாகி மூட்டே அரித்துப் போனவர்களுக்கு மாற்று மூட்டு வைக்க நேரிடும்.

ஆபரேஷனால் பலனில்லாதவர்களுக்கு மாத்திரையும் வந்திருக்கிறது. சி.எஸ்.எஃப்.1-ன் அழைப்பைத் தடுக்கும் 'பெக்சிடார்டினிப்' 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் ஈரல் பாதிப்பு அபாயம் உண்டு. 2025-ல் 'விம்செல்டினிப்' அனுமதி பெற்றது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் 'இமாடினிப்' மாத்திரையையும் சிலருக்குத் தருகிறார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் இந்த மாத்திரைகளைச் சாப்பிடக் கூடாது. குழந்தைக்கு ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

* அடிபடாமலே ஒரே மூட்டு வீங்கி, சில வாரங்களில் குறையாவிட்டாலோ, குறைந்து குறைந்து திரும்ப வந்தாலோ எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

* எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதோடு திருப்திப்படாதீர்கள். "எம்.ஆர்.ஐ. தேவைப்படுமா?" என்று கேளுங்கள்.

* நீண்ட நாள் மாத்திரை தொடங்குமுன், "பரிசோதனையில் உறுதியானதா?" என்று கேட்பதில் தவறில்லை.

* வீங்கிய மூட்டைப் போட்டு அழுத்தி உருவாதீர்கள்.

* காய்ச்சலோடு மூட்டு சிவந்து சூடாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது கிருமித் தாக்குதலாக இருக்கலாம்.

* ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் வேண்டும்.

* அரசு ஆஸ்பத்திரியில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் செலவு அடங்குமா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தால் ஓடுகிற நாம், நம் காலுக்கு மட்டும் "அறுவடை முடியட்டும்", "பரீட்சை முடியட்டும்" என்று தவணை சொல்கிறோம். கட்டி எந்தத் தவணைக்கும் காத்திருப்பதில்லை. சீக்கிரம் காட்டினால் மூட்டு நம்முடையதாகவே இருக்கும்.