அரப்பு மரமும் அதன் தாளும்

அரப்பு, கொங்கு நாட்டின் வறண்ட காடுகளில் வளரும் மரங்களில் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் ஆனைகட்டி, சிறுமுகை, சத்தியமங்கலம் பக்கங்களில் வேலமரங்களோடு சேர்ந்து நிற்கும். இலையைக் காயவைத்து இடித்த பொடிதான் எண்ணெய்க் குளியலுக்குத் தலையில் தேய்க்கும் அரப்பு. நுரை வருவது அதிலுள்ள சபோனினால். இலையை மோரோடு புளிக்கவைத்துப் பயிருக்குத் தெளிப்பதும் உண்டு. உசிலை, துரிஞ்சி, ஊஞ்சை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். தாவரவியலில் இது அல்பிசியா அமாரா. வில்லியம் ராக்ஸ்பர்க் முதலில் மிமோசா அமாரா என்று பெயரிட்டார். அமாரா என்றால் லத்தீனில் கசப்பு.

இப்படிப் பெயர்கள் பலவாகும்போது, எது எந்த மரம் என்று உறுதிசெய்யக் கையில் ஒரு சான்று வேண்டும். அந்தச் சான்றுதான் ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரத் தொகுப்பில் இருக்கும் தாள். கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் 1853-இல் தொடங்கப்பட்டு, 1909-இல் இந்த ஊருக்கு வந்தது. 1957 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் அங்கே உள்ளன. இதே நகரில் வன மரபியல் நிறுவனத்திலுள்ள தொகுப்புக்கு, ஆனைமலைத் தாவரங்களை ஆராய்ந்த வன அதிகாரி சி.இ.சி. ஃபிஷரின் பெயர். தாவரவியலாளர் கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலை, அவர் மறைவுக்குப் பின் 1936-இல் முடித்தவரும் இவரே.

அரப்பைத் தாளாக்குவது எளிதல்ல. கிளையை ஒடித்த கையோடு செய்தித்தாளுக்குள் விரித்து அழுத்த வேண்டும். தாமதித்தால் சிற்றிலைகள் கூம்பிவிடும், காயும்போது உதிரும். ஒரே இலையில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள சிற்றிலைகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் உதிர்வதும் ஏராளம். ஈரம் உறிஞ்சிய தாள்களை அடிக்கடி மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தபின் பூச்சி அரிக்காதபடி மருந்திட்டு, ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தடித்த தாளில் ஒட்டித் தைப்பார்கள். உதிர்ந்ததைத் தூக்கியெறிவதில்லை, தாளின் ஓரத்தில் ஒட்டிய சிறு காகித உறையில் போட்டுவைப்பார்கள்.

தாளின் உயிர் அதன் சீட்டில் இருக்கிறது. இடம், தேதி, சேகரித்தவர், அவரது வரிசை எண், மரத்தின் உயரம், உள்ளூர்ப் பெயர் எல்லாம் அதில் வேண்டும். பூவின் நிறத்தைக் கட்டாயம் குறிக்க வேண்டும், ஏனென்றால் அரப்பின் மஞ்சள் கலந்த வெண்பூங்கொத்து காய்ந்தால் பழுப்பாகிவிடும். பிற்காலத்தில் பெயர் திருத்தப்பட்டால் பழைய சீட்டைக் கிழிக்காமல் பக்கத்தில் புதுச்சீட்டு ஒட்டுவது வழக்கம். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த மாதத்தில் பூக்கிறது, முன்பு பூத்த காலம் இப்போது தள்ளிப்போகிறதா என்றுகூடக் கணிக்கலாம். காடு அழிந்து குடியிருப்பான இடத்தில் முன்பு என்ன நின்றது என்பதற்குத் தாளே சாட்சி.

ஆனாலும் இந்தச் சாட்சியத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. சேகரிப்பவர்கள் பாதையோரத்திலும் பூக்கும் பருவத்திலுமே அதிகம் பறிப்பார்கள். அரிய செடிக்காக மலையேறுகிறவர் கண்ணெதிரே நிற்கும் அரப்பைப் பலமுறை கடந்துபோய்விடுவார். ஆகவே ஓர் ஊரின் தாள் இல்லை என்பதற்காக அங்கே மரமே இல்லை என்று பொருளல்ல.

2022-இல் தொடங்கப்பட்ட இந்திய மெய்நிகர் ஹெர்பேரியத்தில் தாள்களின் படங்களை யாரும் பார்க்கலாம். மரபணுச் சோதனைக்கு மட்டும் படம் போதாது. தாளில் ஒட்டிய கிளையைச் சிதைக்காமல் சோதனைக்குத் துளி இலை எடுக்க உதவுவது, உதிர்ந்த சிற்றிலைகளைப் போட்டுவைத்த அந்தக் காகித உறைதான்.