உஷார்! உங்கள் ஒரிஜினல் சான்றிதழ் யார் கையில்?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தனியார் கல்லூரிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் இன்றைக்கே வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பிஎச்.டி. பட்டம் வரை ஒரிஜினல் எல்லாம் அங்கே இருக்கிறதா? கல்லூரி ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது என்றால், உங்களுக்குத் தெரியாமலே உங்கள் பெயர் வேறொரு கல்லூரியின் ஆசிரியர் பட்டியலில் ஏறியிருக்கலாம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2023-24 கல்வியாண்டில் 353 பேர், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருந்தார்கள். சம்பந்தப்பட்ட கல்லூரிகள் 224. ஒருவரின் பெயர் மட்டும் 11 கல்லூரிகளில் இருந்தது. பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாகவே இருக்க, ஆதார் எண் மட்டும் இடத்துக்கு இடம் மாறியிருந்தது. சுமார் 2,000 பணியிடங்கள் இப்படி நிரப்பப்பட்டிருப்பதாக அப்போதைய துணைவேந்தர் வேல்ராஜே சொன்னார்.

பொறியியல் கல்லூரியில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏஐசிடிஇ) விதி. அது காகிதத்தில் சரியாக இருந்தால்தான் அனுமதி. ஆள் எடுத்தால் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். சான்றிதழ் நகலுக்குச் சம்பளம் வேண்டாம்.

“இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு மட்டும் வந்து உட்காருங்க சார், கவனிச்சுக்கிறோம்” என்று யாராவது கூப்பிட்டால் போகவே போகாதீர்கள். விசாரணை வரும்போது கையெழுத்து உங்களுடையது. கூப்பிட்டவர் உங்களை யாரென்றே தெரியாது என்பார்.

நம் ஊரில் மறுத்துப் பேசுவது எளிதல்ல, அது எனக்குத் தெரியும். சரவெடி பின்னியும் தீப்பெட்டி ஒட்டியும் அம்மா படிக்க வைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று உதவிப் பேராசிரியர்கள். கரஸ்பாண்டென்ட் ஊர்க்காரராக இருப்பார், சில நேரம் தூரத்துச் சொந்தமாகவும் இருப்பார். “நம்ம காலேஜ்தானம்மா, இங்கேயே இருக்கட்டும்” என்பார். வாய் திறக்க முடியாது. ஆனாலும் திறக்க வேண்டும். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவைக் காட்டி அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள், அன்றே வாங்கிவிடுங்கள்.

ஜெராக்ஸ் கொடுக்கும்போதும் கவனம். மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டால், அதை மறைத்துவிட்டு மறுபடி நகல் எடுத்துவிடுவார்கள். எழுத்துகளின் மேலேயே, குறுக்காக, நீல மையில் எழுதுங்கள்: எந்தக் கல்லூரி, எதற்காக, என்ன தேதி. ஆதார் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட நகலைப் பதிவிறக்கிக் கொடுங்கள். தேதி போடாத ராஜினாமா கடிதம், வெற்றுத்தாள் கையெழுத்து இரண்டும் கூடவே கூடாது. சேரும் அன்றே எழுதி வாங்கும் இடங்கள் உண்டு.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தையும் ஏஐஎஸ் அறிக்கையையும் திறந்து பாருங்கள். தெரியாத கல்வி அறக்கட்டளையின் பெயரில் சம்பளமோ வரிப் பிடித்தமோ இருக்கிறதா? பிஎஃப் பாஸ்புக்கில் நீங்கள் வேலையே பார்க்காத நிறுவனம் வந்திருக்கிறதா? இரண்டிலும் ஒன்றும் இல்லை என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். பெயரை மட்டும் காட்டிவிட்டுச் சம்பளமே காட்டாத இடத்தில் இவை எதுவும் காட்டிக்கொடுக்காது. பொறியியல் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் ஆசிரியர் பட்டியலை வெளியிட்டாக வேண்டும். அதிலும், முக்கியமாக முன்பு வேலை பார்த்த கல்லூரியின் பட்டியலில், உங்கள் பெயரைத் தேடுங்கள்.

பெயர் கண்ணில் பட்டால் முதலில் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போன் போட்டுக் கேட்டால் பத்து நிமிடத்தில் அந்தப் பக்கத்தையே தூக்கிவிடுவார்கள். அப்புறம் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வேலையை விட்ட பிறகும் ஒரிஜினல் கல்லூரியிலேயே இருந்தால், திருப்பிக் கேட்கும் கடிதத்தில் ஒவ்வொரு சான்றிதழின் எண்ணையும் தனித்தனியாக எழுதி, இந்த வாரமே அனுப்புங்கள். அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு ஃபைல் அடுக்கத் தொடங்கிவிட்டால் அதைத் திரும்ப வாங்குவது இன்னும் கஷ்டம்.