மூக்கு மேல ஒரு முழு தியேட்டர்!

நந்தனம் ஆர்ட்ஸ் காலேஜ் பிசிக்ஸ் பசங்களா... உங்களைத்தான்! குவிலென்ஸ், வெள்ளைத் திரை எல்லாம் வெச்சு 'யூ-வி மெத்தட்'ல குவிய தூரம் கண்டுபிடிச்சது ஞாபகம் இருக்கா? ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கினதோட மறந்திருப்பீங்க. தலையில மாட்டிக்கிற வி.ஆர். ஹெட்செட்டுக்கு அடிப்படையே அந்தக் கணக்குதான்!

செல்போனை மூக்கு நுனியில வெச்சுப் பாருங்க. ஒரே மங்கல். 25 செ.மீ.க்கும் கிட்ட வந்தா கண்ணு திணறும். ஆனா, ஹெட்செட்ல வெறும் 5 செ.மீ. தூரத்துல இருக்கற திரை மட்டும் எப்படிப் பளிச்னு தெரியுது?

எல்லாம் நடுவுல இருக்கற லென்ஸோட கைங்கர்யம். குவிய தூரம் 50 மி.மீ., திரை இருக்கறது 48 மி.மீ.ல என்று வையுங்கள். பழைய ஃபார்முலாவைப் போட்டால், மாய பிம்பம் 120 செ.மீ. தள்ளி விழும். திரையை ஒரே ஒரு மி.மீ. நகர்த்தி 49-ல வைங்க... பிம்பம் 245 செ.மீ.க்கு ஓடிடும்! டிசைன் பண்றவங்க தூக்கத்தைத் தொலைக்கறது இங்கேதான்.

இன்னொரு விஷயம். கண்ணு பார்க்கறது திரையை இல்ல, தூரத்துல இருக்கற பிம்பத்தை. அதனாலதான் கிட்டப்பார்வை உள்ளவங்க ஹெட்செட்டுக்குள்ளயும் கண்ணாடி போட வேண்டியிருக்கு.

பெருசானா போதுமா?

ஒவ்வொரு கண்ணுக்கும் 6 செ.மீ. அகலத் திரை கிடைத்தால், இந்த லென்ஸ் வழியே பார்வை சுமார் 62 டிகிரி விரியும். அந்தப் பாதித் திரையில் 960 புள்ளிகள்தான் என்றால், டிகிரிக்கு 15 சொச்சம். நல்ல கண்ணுக்குத் தேவை சுமார் 60! படம் கொசுவலை வழியா பார்க்கற மாதிரி தெரியறது இதனாலதான். தவிர, லென்ஸ் ஓரங்களை இழுத்து வளைக்கும். அதனால சாஃப்ட்வேர் படத்தை முன்கூட்டியே எதிர்ப்பக்கமா வளைச்சு அனுப்புது. முள்ளை முள்ளால் எடுக்கிற வித்தை!

ஏன் தலை வலிக்குது?

பக்கத்துல வர்ற பொருளைப் பார்க்க ரெண்டு கண்ணும் உள்பக்கமா திரும்பும். ஆனா, பெரும்பாலான ஹெட்செட்ல பிம்பம் ஒரே தூரத்துல நிற்பதால், கண்லென்ஸ் அங்கேயே ஃபோகஸ் ஆகணும். ரெண்டும் ஒத்துப் போகாம கண்ணு களைச்சுப் போகும். கண்மணிகளுக்கு இடையிலான தூரமும் ஆளாளுக்கு மாறும். சராசரி சுமார் 63 மி.மீ. ஹெட்செட்ல அதை உங்க அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணாம மாட்டினா தலைவலி நிச்சயம்.

கூரையிலிருந்து காதுக்கு...

1838-ல் சார்லஸ் வீட்ஸ்டன் கண்ணாடிகளை வைத்து ரெண்டு படத்தை ஒண்ணாக்கினார். 1968-ல் ஐவன் சதர்லேண்ட் செய்த கருவி, கூரையிலிருந்து தொங்கியது! 2014-ல் கூகுள் அட்டைப்பெட்டியும் ரெண்டு லென்ஸும் போதும் என்றது. 2023-ல் வந்த மெட்டா குவெஸ்ட் 3-ல் 'பான்கேக்' லென்ஸ். ஒளியை உள்ளேயே மடக்கி அனுப்புவதால் டப்பா மெலிந்துவிட்டது. ஆனா, பாதி ஒளியை மட்டுமே விடும் கண்ணாடியை ஒளி ரெண்டு தடவை சந்திப்பதால், அதிகபட்சம் கால்வாசிதான் கண்ணுக்கு வரும்.

நம்ம ஊர்ல?

சைதாப்பேட்டை தாண்டினா ஐ.ஐ.டி. அங்கே பேராசிரியர் மணிவண்ணன் முயற்சியில் உருவான 'எக்ஸ்.டி.ஐ.சி.' மையம், இந்தத் துறைக்கென்றே இருக்கிறது. மும்பையின் டெஸராக்ட் நிறுவனம் உருவாக்கிய, 75 கிராம் எடையுள்ள ஜியோ கிளாஸை ரிலையன்ஸ் 2020 ஜூலையில் காட்டியது.

'பிசிக்ஸ் படிச்சு என்ன பண்ணப் போறே?'ன்னு வீட்ல கேட்டா, இதைச் சொல்லுங்க. கோடிங் தெரிஞ்சவங்க நிறைய பேர். லென்ஸ் கணக்கு போடத் தெரிஞ்சவங்க கம்மி. 50 மி.மீ. குவிலென்ஸ் ரெண்டு, அட்டை, செல்போன்... ஒரு சாயங்காலம் போதும். செஞ்சு பாருங்க. லென்ஸ் வழியா சூரியனை மட்டும் பார்த்துடாதீங்க!