முன்னால் பனி பிளேடு, பின்னால் டிரெய்லர்: உயரமா நிக்கிற பிக்கப் டிரக்தான் பலமான டிரக்கா?

அமெரிக்கா, கனடாவில் எடுத்த பனிக்கால ரீல்ஸ்களில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்த்திருப்பீங்க. விடியுறதுக்கு முன்னாடியே ஒரு பிக்கப் டிரக் வரும். அதன் மூக்கில் அகலமான இரும்பு பிளேடு. கடை வாசல், பார்க்கிங் என்று குவிந்திருக்கும் பனியை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். கோடை வந்தால் அதே டிரக் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு புல்வெட்டும் மெஷின், மரக்கட்டை, படகு என எதையாவது இழுத்துக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு வேலைக்கும் எந்த டிரக் சரி? “நல்லா உயரமா நிக்குது, எவ்வளவு வெயிட் போட்டாலும் தாங்கும்” என்பதுதான் பலர் போடும் கணக்கு. அங்கேதான் தப்பு நடக்கிறது. உயரம் வேறு, தாங்கும் திறன் வேறு. எப்படி என்று பார்க்கலாம்.

அரை டன், முக்கால் டன், ஒரு டன்: என்ன கணக்கு இது?

ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500 போன்றவற்றை அங்கே ‘அரை டன்’ டிரக் என்பார்கள். எஃப்-250, 2500 வகை ‘முக்கால் டன்’. எஃப்-350, 3500 வகை ‘ஒரு டன்’. ஒரு காலத்தில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதைச் சொன்ன பெயர்கள் இவை. இன்றைய வண்டிகள் அதைவிட அதிகம் ஏற்றும். ஆனால் பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இவற்றுக்கு நடுவில் பெரிய வித்தியாசம் சஸ்பென்ஷன். எஃப்-150-யில் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். பின்பக்கம் ஒரே ஆக்ஸில், அதற்கு லீஃப் ஸ்பிரிங், அதாவது நம்ம ஊர் லாரிகளில் பார்க்கும் அதே பட்டை. ராம் 1500-ல் பின்பக்கமும் காயில் ஸ்பிரிங். குண்டும் குழியுமான ரோட்டில் கார் மாதிரி சொகுசாகப் போகும்.

முக்கால் டன்னுக்கு மேலே போனால் கதை மாறுகிறது. நான்கு சக்கர டிரைவ் உள்ள எஃப்-250-யில் முன்பக்கமும் ஒரே ஆக்ஸில், அதன் மேல் காயில். ராம் 2500-ம் முன்பக்கம் அப்படித்தான். 2014 முதல் அதன் பின்பக்கத்துக்கும் காயில் வந்துவிட்டது. ராம் 3500-ல் மட்டும் பின்னால் பட்டை. சில்வராடோ 2500-ல் முன்சக்கரங்கள் தனித்தனி, ஆனால் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கும் கம்பி, அதாவது டார்ஷன் பார்.

பட்டையில் ஒரு வசதி உண்டு. பல டிரக்குகளில் அடியில் தடிமனான ஒரு பட்டை தனியாக இருக்கும். சுமை குறைவாக இருக்கும்போது அது சும்மா இருக்கும். வெயிட் ஏறி வண்டி அமுங்கும்போதுதான் அது வேலைக்கு வரும்.

350 கிலோ பிளேடு எப்படி 467 கிலோ ஆகிறது?

பூங்காவில் இருக்கும் சீசாவை நினைச்சுக்கோங்க. பிளேடு முன் ஆக்ஸிலுக்கு மேலே உட்காருவதில்லை, அதற்கும் முன்னால் நீட்டிக்கொண்டு தொங்குகிறது.

ஒரு உதாரணக் கணக்கு. பிளேடின் எடை 350 கிலோ. முன் ஆக்ஸிலில் இருந்து 1.2 மீட்டர் முன்னால் அதன் எடை விழுகிறது. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 3.6 மீட்டர். பிளேடைத் தூக்கினால் முன் ஆக்ஸிலில் ஏறும் சுமை சுமார் 467 கிலோ! கூடுதலாக வந்த அந்த 117 கிலோ எங்கிருந்து வந்தது? பின் ஆக்ஸிலில் இருந்து. அதாவது பின்சக்கரங்களில் 117 கிலோ எடை குறைந்துவிட்டது.

ஏற்கெனவே வழுக்கும் பனி ரோடு. அதில் பின்டயர்களின் பிடியும் குறைந்தால், பிரேக் போடும்போது வண்டியின் பின்பக்கம் ஓரமாக இழுத்துக்கொண்டு போக வாய்ப்பு அதிகம். அதனால்தான் பனி தள்ளுபவர்கள் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால், கதவை ஒட்டி மணல் மூட்டைகளைக் கட்டி வைக்கிறார்கள். ஆக்ஸிலுக்கு 0.9 மீட்டர் பின்னால் 200 கிலோ மணல் வைத்தால், பின்பக்கம் 250 கிலோ கூடும், முன்பக்கம் 50 கிலோ குறையும்.

இன்னொரு விஷயம். பனியைத் தள்ளும்போது பிளேடு தரையில் உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங் திணறுவது பிளேடைத் தூக்கிக்கொண்டு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓட்டும்போதுதான்.

டிரெய்லர் மாட்டினால்?

அப்படியே தலைகீழ். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் விழ வேண்டும் என்பது பொது விதி. 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. நடுவில் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொக்கி பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்தால், பின் ஆக்ஸிலில் 533 கிலோ ஏறும். முன் ஆக்ஸிலில் 133 கிலோ குறையும்.

முன்பக்கம் லேசானால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருபவரின் கண் கூசும். ஆக, பனிக்கு முன்பக்கம் பலமாக இருக்க வேண்டும், இழுவைக்குப் பின்பக்கம் பலமாக இருக்க வேண்டும். ஒரே வண்டி இரண்டும் செய்யணும்னா இரண்டு ஆக்ஸிலையும் தனித்தனியாகப் பார்த்தே ஆகணும்.

பின்பக்கம் ஏன் தூக்கிக்கிட்டு நிக்குது?

காலியாக நிற்கும் புது பிக்கப்பைப் பக்கவாட்டில் பாருங்க. பின்பக்கம் கொஞ்சம் உயரமா இருக்கும். சுமை ஏறினால் வண்டி மட்டமாக வரட்டும் என்றுதான் கம்பெனி அப்படிச் செய்கிறது.

இது அழகாக இல்லை என்று பலர் ‘லெவலிங் கிட்’ போட்டு முன்பக்கத்தை 2 அங்குலம் உயர்த்துகிறார்கள். காலியாக இருக்கும்போது பார்க்க செமையா இருக்கும். டிரெய்லர் மாட்டியதும் மூக்கு மேலே போய்விடும். அந்த கிட் பெரும்பாலும் ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் ஒரு துண்டுதான். ஸ்பிரிங்கின் பலம் ஒரு கிலோ கூட ஏறாது. டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கி உயர்த்துவதும் இதே கதைதான்.

இதை எல்லை மீறிக் கொண்டுபோனதுதான் ‘கரோலினா ஸ்குவாட்’ ஸ்டைல். முன்பக்கம் மிக உயரம், பின்பக்கம் தாழ்வு. டிரைவருக்கு பானெட்டைத் தாண்டி ரோடே சரியாகத் தெரியாது. வட கரோலினா 2021-லும், தென் கரோலினா 2023-லும் இதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தன.

உயரத்துக்கு விலை கொடுப்பது டிரைவர் மட்டுமில்லை. பானெட் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வண்டிகள் நடந்துபோகிறவர் மீது மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் சரிவான பானெட் வண்டிகளைவிட உயிரிழப்புக்கான வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023-ல் சொன்னது.

ஏர் பேக், ரப்பர் கட்டை வெச்சா சரியாகிடுமா?

ஸ்பிரிங்குக்குத் துணையாக காற்றுப் பை, தடித்த ரப்பர் கட்டை எல்லாம் விற்கிறார்கள். வண்டி அமுங்காமல் நிற்க உதவும், உண்மைதான். ஆனால் ஆக்ஸில், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையதுதானே? வண்டி நிமிர்ந்து நிற்பதால் சுமை குறைந்துவிடாது. அதிகச் சுமை கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

அப்போ வாங்கும்போது எதைப் பார்ப்பது?

டொரோண்டோ பக்கம் போய் செட்டிலான உங்க நண்பர், பனிக்காலத்தில் கூடுதலாகச் சம்பாதிக்க ஒரு பழைய பிக்கப் பார்க்கிறார் என்றால், இதை ஃபார்வர்டு பண்ணுங்க.

* டிரைவர் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டியின் மொத்த எடை வரம்பு, முன் ஆக்ஸில் வரம்பு, பின் ஆக்ஸில் வரம்பு என மூன்று எண்கள். அதுதான் இறுதி.
* கம்பெனியிலேயே பனி பிளேடுக்கான பேக்கேஜ் போட்ட வண்டியா என்று கேளுங்க. முன்பக்கம் கனமான ஸ்பிரிங்கோடு வரும்.
* லிஃப்ட் கிட், லெவலிங் கிட் போட்டிருந்தால் உஷார். பிளேடு மாட்டும் சட்டம் தரையிலிருந்து குறிப்பிட்ட உயரத்தில் இருந்தால்தான் பிளேடு சரியான கோணத்தில் தரையைத் தொடும்.
* மணல் மூட்டை, டிரைவர், கூட வருபவர் எல்லாமே சுமைக் கணக்கில் சேரும். மேலே சொன்ன உதாரணத்தில் பிளேடும் மணலும் சேர்ந்தே 550 கிலோ.
* பிளேடு மாட்டி, தூக்கிய நிலையில், எடை மேடையில் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் தனித்தனியாக எடை போடுங்க. டிரெய்லரோடு இன்னொரு முறை. இரண்டையும் கதவு ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்க.

மொத்த எடை வரம்புக்குள் இருந்து, ஒரு ஆக்ஸில் மட்டும் தாண்டியிருந்தாலும் அந்த வண்டி ஓவர்லோடுதான். விற்பவர் எவ்வளவு உயரமா நிக்குதுன்னு காட்டினாலும், முதலில் கதவைத் திறந்து பாருங்க.