பேறுகாலத்திற்கு முன் பெற்றோருக்குத் தேவையான பாடங்கள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்வோருக்குக் காரவள்ளி நன்கு தெரிந்த ஊர். அங்குதான் மலை ஏற்றம் தொடங்குகிறது. மேலே சென்று சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருபவர்கள் அவற்றை எண்ணி மகிழ்வதுண்டு. ஆனால் பேறுகால வலியோடு இதே சாலையில் கீழே இறங்கி வரும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்ப்போம். அவளுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு சோதனை. அந்த வண்டி எப்போது புறப்பட்டது, ஏன் அப்போது புறப்பட்டது என்பதில்தான் இரண்டு உயிர்கள் அடங்கியிருக்கின்றன.

தாய்மார்களின் இறப்புக்கு மூன்று தாமதங்கள் காரணமாகின்றன என்று 1994ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு எடுத்துச் சொன்னது. மருத்துவமனைக்குப் போக முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றாவதை மருத்துவமனைதான் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதற்குச் சாலையும் ஊர்தியும் வேண்டும். முதல் தாமதமோ வீட்டிற்குள் நடப்பது. அதை நீக்கக்கூடிய மருந்து அறிவு ஒன்றுதான். பேறுகால வகுப்புகளின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

அச்சத்தைப் போக்கும் அறிவு

“பிள்ளை பெறுவதற்கும் ஒரு வகுப்பா? நம் பாட்டிமார் எந்த வகுப்புக்குப் போனார்கள்?” என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. பாட்டிமாருக்குக் கூட்டுக்குடும்பமே வகுப்பாக இருந்தது. அந்த வகுப்பில் தேறாமல் போன தாய்மார்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மீண்டும் அச்சத்தைப் பெருக்குகிறது என்று இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் கூறினார். 1950களில் பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னாண்ட் லமாஸ் மூச்சுப் பயிற்சியையும் முன்தயாரிப்பையும் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார். “வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று தொடக்க நூல் சொல்லும்போது வலியைக் குறைப்பது சரியா?” என்ற கேள்வி அன்று எழுந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், 1956ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், இத்தகைய முறைகள் திருநூலுக்கு முரணானவை அல்ல என்று தெளிவுபடுத்தினார். ஆகவே தாயின் வலியையும் பயத்தையும் தணிக்க நாம் எடுக்கும் முயற்சி நம்பிக்கைக்கு எதிரானதன்று.

வகுப்பில் என்ன சொல்லப்பட வேண்டும்?

முதலாவது, ஆபத்தின் அறிகுறிகள். இரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, கடும் காய்ச்சல், நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதைத் தாய் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. முடிவெடுக்கும் மாமியாரும் கணவரும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எது உண்மையான வலி என்பது. பொய்வலி சற்று நடந்தாலோ ஓய்வெடுத்தாலோ அடங்கிவிடும். உண்மை வலி விட்டு விட்டு வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போகும். மலையில் வாழ்பவர்கள் இடைவெளி மிகவும் குறையும்வரை காத்திருக்க முடியாது. தொலைவில் வாழும் தாய்மார்கள் முன்கூட்டியே வந்து தங்குவதற்காக, மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பட்டுள்ளன. அப்படி ஒரு வசதி இருப்பதையே அறியாத குடும்பத்திற்கு அதனால் என்ன பயன்?

மூன்றாவது, உணவும் மாத்திரையும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு, தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சேராது, எலுமிச்சைச் சாறு போன்றவை அது சேர உதவும் என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாத்திரைகள் பரண்மேல்தான் கிடக்கும். கருவுற்றவருக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை, 7 கிராமுக்குக் குறைந்தால் ஆபத்து. கொல்லிமலையின் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று ஆலைக்கு அனுப்பும் மரவள்ளிக் கிழங்கு நிற்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் சத்துமாவைப் பற்றிப் பேசும் முன், தம் சொந்த வயலில் விளைந்ததை மீண்டும் அடுப்பில் ஏற்றச் சொல்லும் வகுப்பே நல்ல வகுப்பு.

நான்காவது, அரசு தரும் உரிமைகள். கருவுற்றதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி முதல் இரு பேறுகளுக்குக் கிடைக்கிறது. 2008 முதல் இயங்கும் 108 ஊர்திக்குக் கட்டணம் இல்லை. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் பேறு அறையில் பெண் துணை ஒருவர் உடனிருக்க வழியுண்டு. தன் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

ஐந்தாவது, பிறந்த பின். முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால், அதிலும் சீம்பால் தவறாமல். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கழுதைப்பாலும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். பிள்ளை பெற்றபின் தாய் காரணமின்றி அழுதால், “பேய் பிடித்தது” என்றோ “திமிர்” என்றோ சொல்லாமல், மனச்சோர்வு என்று உணர்ந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

தந்தை எங்கே?

நம் வழக்கப்படி வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். கணவர் செய்திக்காகக் காத்திருக்கிறார். தாய்வீடு தரும் ஆறுதலுக்கு ஈடில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. அதுவரை பார்த்த செவிலியர் ஓர் ஊரில், பேறு நடக்கும் இடம் வேறோர் ஊரில். பரிசோதனை அட்டையும் பதிவு எண்ணும் பெண்ணோடு போக வேண்டும். புதிய ஊரின் செவிலியருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். இரத்தம் தர இருவர், இரவில் அழைத்தால் வரும் வண்டி, கையில் கொஞ்சம் பணம், எந்த மருத்துவமனை என்ற முடிவு ஆகிய நான்கையும் எட்டாம் மாதத்திற்குள் ஆயத்தம் செய்வது தந்தையின் கடமை. எனவே அவரும் வகுப்பில் அமர வேண்டும். தாய்க்கு மட்டும் நடத்தும் வகுப்பு, ஒரு காலால் நடப்பது போன்றது.

நம் பங்குகள் செய்யக்கூடியது

திருமணத்திற்கு முன் தயாரிப்பு வகுப்பு இல்லாமல் நாம் யாரையும் மணமேடைக்கு அனுப்புவதில்லை. ஆனால் அதற்கடுத்த ஆண்டிலேயே வரும் பெரும் பொறுப்புக்கு எந்தத் தயாரிப்பும் தருவதில்லை. திருமுழுக்கு தேதி குறிக்க வரும்போதுதான் அந்தக் குடும்பத்தை மீண்டும் பார்க்கிறோம். இடைப்பட்ட ஒன்பது மாதங்கள் யாருடைய பொறுப்பு?

இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம், பங்கு அரங்கில் ஒரு பாய். ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரோ நலவாழ்வுப் பணியிலுள்ள அருள்சகோதரி ஒருவரோ இருந்தால் போதும். கிராம சுகாதார செவிலியரை அழைத்தால் வருவார். அன்பியக் கூட்டத்தில் கருவுற்ற பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டு வைக்கலாம். சமயம் பார்க்காமல் அண்டை வீட்டாரையும் அழைக்கலாம். இரத்தம் கொடுக்கத் தயாராக உள்ள இளைஞர்களின் பட்டியலும், இரவில் வண்டி எடுக்கக்கூடியவர்களின் எண்களும் ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்கலாம்.

கருவுற்ற எலிசபெத்தைக் காண அன்னை மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்றதையும், ஏறக்குறைய மூன்று மாதம் உடன் தங்கியதையும் லூக்கா எழுதியிருக்கிறார். மலைமேல் இருக்கும் கருவுற்ற பெண்ணைத் தேடி ஒருவர் போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நமக்கு வேண்டுமா? காரவள்ளியில் தொடங்கும் அந்த 70 வளைவுகளை நம்மால் நேராக்க முடியாது. ஆனால் உரிய நேரத்தில், உரிய அறிவோடு, பயமின்றி ஒரு தாய் அவற்றைக் கடந்து வர நம்மால் உதவ முடியும். அதை இந்த மாதமே தொடங்குவோம்.